தெற்குப் பக்கம் கூரை இல்லை

எங்கள் மைதானத்தைச் சுற்றிக்காட்டுகிறேன், வாருங்கள்.
மொந்தேவிதேயோவின் மேற்குக் கோடி, ஏறி இறங்க இரண்டு பேருந்து.
இந்த இரும்புக் கதவு வில்மார்.
தொண்ணூற்று மூன்றில் மெக்சிகோவுக்கு விற்றோம்.
கோல்கீப்பர். உயரப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.
அது அவர்களுக்குத் தெரியாது.
நல்ல வியாபாரம். இன்னும் துருப்பிடிக்கவில்லை.

அந்த விளக்குக் கம்பங்கள் நான்கும் ஒரே ஆள்:
தார்தோ எச்செனிகே, இடதுகால்.
பத்தொன்பது வயதில் இத்தாலிக்குப் போனான்.
அங்கே அவனை வலப்பக்கம் ஆடவிட்டார்கள்.
பேனா வாங்கிக் காது குடைகிறவர்களும் உண்டு.
ராத்திரி ஆட்டத்தில் விளக்கு மினுக்கும்போதெல்லாம்
எல்பியோ என் தொடையில் தட்டுவான்:
"இன்னைக்கும் பெஞ்சுல உட்கார வச்சுட்டாங்க போல."

கழிப்பறை ஓடுகள், வாஷிங்டன் பேரெயிரா.
ஆண்கள் பக்கம் மட்டும். அவனுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.
பெண்கள் பக்கம் அவன் தம்பிக்காகக் காத்திருக்கிறது.
தம்பி கிதார் வாசிக்கிறான்.

நாங்கள் வாங்குவதும் உண்டு.
முப்பத்தைந்து வயது, இரண்டு விவாகரத்து,
முழங்காலில் பட்டை சுற்றிய மூளைக்காரர்கள்.
ஓட மாட்டார்கள், கையை நீட்டி வழி சொல்வார்கள்.

நாற்பத்தோரு வருடமாகப் பார்க்கிறேன்.
பேருந்தில் டிக்கெட் கிழிப்பது என் தொழில்.
ஏறியவர் இறங்குவதில் எனக்கு வருத்தமில்லை.
முத்தம் கொடுத்துவிட்டு இறங்குகிறவனைத்தான் பிடிக்காது.
ஏப்ரலில் ஒருவன் கேமரா முன் சட்டைச் சின்னத்தை முத்தமிட்டான்.
ஜூலையில் அதே உதடு வேறு துணியில்.
துணிக்கு என்ன தெரியும்.
ஆனாலும் விலைபோனான் என்று யாரையும் ஏசுவதில்லை.
விற்றவர்கள் நாங்கள்.
நாங்கள் கைதட்டித் தட்டித்தான் விலை ஏறியது.

ஐந்தாம் எண் நாசரேனோவைப் பற்றி மட்டும்
எல்பியோவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பதினேழில் வந்தான். பந்தை வாங்குமுன்
இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்ப்பான்,
தெருவைக் கடக்கிற நாய் மாதிரி.
மூன்றாம் வருடம் போர்ச்சுகலிலிருந்து ஆள் வந்தது, தொகை வந்தது.
தெற்குப் பக்கக் கூரைக்கு அளவெடுத்தார்கள்,
கடல் போல் அகன்ற ஆற்றிலிருந்து காற்று வரும் பக்கம்,
நாங்கள் உட்காரும் பக்கம்.
தகரத்துக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டார்கள்.
பச்சை என்றோம்.
விமான நிலையத்தில் அவன் அம்மா இரண்டு போர்வை கொடுத்தனுப்பினாள்.

வீரர் சந்தையின் ஜன்னல் மூட ஆறு மணி நேரம் இருக்கையில்
லிஸ்பனில் ஒரு டாக்டர் அவன் முழங்கால் படத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினாராம்.

ஓட்டுநரின் ரேடியோவில் கேட்டேன்.
ஒரு கிழவிக்கு மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கை நிற்கவில்லை.
உள்ளே ஏதோ எம்பிக் குதித்தது,
கடைசி நிமிட கோலுக்குக் குதிக்குமே, அது.
இருபது வயதுப் பையனின் முழங்கால்.
அம்மாவுக்குச் சமையலறை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான்.
அதற்குத்தான் குதித்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஆடினான்.
ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்தான்,
பந்தை வாங்கினான்.
இரண்டாம் பாதியில் மழை.
சுல்மா மாவைத் தட்டி எண்ணெயில் போட ஆரம்பித்தாள்.
மழை பெய்தால்தான் அவளுக்கு வியாபாரம்,
கூரை வராததற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள்,
அதை வெளிப்படையாகச் சொல்கிறவள்.
எல்பியோ காலரை உயர்த்திக்கொண்டு
வானத்தைத் திட்டினான், டாக்டரைத் திட்டினான்,
போர்ச்சுகலைக் கரையிலிருந்து எல்லை வரை திட்டினான்.
நான் சூடான ரொட்டியை இரண்டாகக் கிழித்து
பெரிய பாதியை அவனிடம் நீட்டினேன்.

மூன்று மழைக்காலமாக நீட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஏன் என்று அவன் கேட்டதில்லை.